மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படிக்கலாமா? பணம் கட்டும் முன் அறிய வேண்டியவை

பிளஸ் டூ முடிவும் கல்லூரி இறுதித் தேர்வு முடிவும் வெளியாகும் மாதங்களில், கல்வி உதவி கேட்டு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் குடும்பங்கள் அதிகம். பொறியியல், நர்சிங், பி.எட். என்று வரும் விண்ணப்பங்களுக்கு நடுவே, சில ஆண்டுகளாக இன்னொரு படிப்பின் பெயரும் அடிக்கடி வருகிறது. அதுதான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். "ஆறே மாதப் படிப்பு, வீட்டில் உட்கார்ந்தே வேலை, பெண் பிள்ளைகளுக்கு ஏற்றது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வருகிறார்கள். விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோர் பட்டம் முடித்து வீட்டில் இருக்கும் சகோதரிகள்.

சென்ற ஆண்டு ஒரு தாயார் தம் மகளுடன் வந்திருந்தார். மகள் பி.காம். முடித்தவர். 30,000 ரூபாய் கட்டி ஆறு மாதம் படித்துச் சான்றிதழும் வாங்கியாயிற்று. வேலைக்கு உத்தரவாதம் என்று சொன்ன பயிற்சி நிலையம், இரண்டு நிறுவனங்களுக்கு நேர்முகத் தேர்வுக்கு அனுப்பியது. இரண்டிலும் தட்டச்சில் தேறினார். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் தேர்வில் தோற்றார். "பாய், கம்மல அடகு வச்சுத்தான் ஃபீஸ் கட்டுனோம். இவ அத்தாவுக்கு இன்னும் தெரியாது" என்று அந்தத் தாயார் சொன்னபோது எங்களிடம் பதில் இல்லை. மகள் மெல்லச் சொன்னது இதுதான்: "ஆறு மாசமும் எங்க சார் பேசுன இங்கிலீஷத்தான் கேட்டேன். அமெரிக்க டாக்டர் பேசுறத அன்னைக்குத்தான் மொத மொத கேட்டேன்."

அந்தக் குடும்பத்தின் கம்மலை மீட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த குடும்பம் கம்மலை அடகு வைக்கும் முன்பே இந்த வேலை என்ன, யாருக்குப் பொருந்தும், இன்று அதன் நிலை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

வேலை என்பது என்ன?

நம் ஊர் மருத்துவர் நோயாளியைப் பார்த்தவுடன் சீட்டில் நான்கு வரி எழுதிக் கொடுப்பார். அமெரிக்காவில் அது போதாது. நோயாளி என்ன சொன்னார், பரிசோதனையில் என்ன தெரிந்தது, என்ன நோய் என்று முடிவு செய்தார், என்ன மருந்து கொடுத்தார் என்று ஒவ்வொன்றும் விரிவான பதிவாக இருந்தாக வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுப்பதும், நாளை வழக்கு வந்தால் மருத்துவர் தம்மைக் காத்துக்கொள்வதும் அந்தப் பதிவை வைத்துத்தான்.

இவ்வளவையும் எழுத நேரமில்லாத மருத்துவர்கள் அதை வாயால் சொல்லி ஒலிப்பதிவு செய்வார்கள். அந்த ஒலியை ஹெட்ஃபோனில் கேட்டு, உரிய வடிவத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்புவதே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். ஒலியை நிறுத்தவும் பின்னுக்கு ஓட்டவும் காலடியில் ஒரு பெடல் இருக்கும். கைகள் தட்டச்சுப் பலகையை விட்டு நகராது.

எழுதும் அறிக்கைகள் பல வகை. நோயாளி சேரும்போது எழுதும் முழு வரலாறு, அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் அறிக்கை, சிறப்பு மருத்துவரின் ஆலோசனைக் கடிதம், வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை முக்கியமானவை. ஒவ்வொன்றுக்கும் தலைப்புகளின் வரிசை உண்டு. மருத்துவர் முன்னும் பின்னுமாகச் சொன்னாலும், அதை உரிய தலைப்பின் கீழ் கொண்டுவந்து வைப்பது எழுதுபவரின் பொறுப்பு.

ஆகவே இது வெறும் தட்டச்சு வேலை அல்ல. கேட்டதைப் புரிந்துகொண்டு எழுதும் வேலை.

நம் நாட்டுக்கு வந்த கதை

1990களில் இந்த வேலை இந்தியாவுக்கு வரத் தொடங்கியது. சம்பளச் செலவு குறைவு என்பது ஒரு காரணம். கடிகாரம் இன்னொரு காரணம். நியூயார்க்கைவிட நம் நேரம் கோடையில் ஒன்பதரை மணியும் குளிர்காலத்தில் பத்தரை மணியும் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை 5 மணிக்கு மருத்துவர் ஒலிப்பதிவை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்றால், இங்கே நள்ளிரவு தாண்டி 2.30 அல்லது 3.30 மணி. நம் பிள்ளைகள் காலையில் வந்து பகல் முழுவதும் எழுதி அனுப்பினால், அங்கே மறுநாள் காலை அறிக்கை தயாராக மேசையில் இருக்கும். இந்தத் துறையில் பகல் ஷிப்ட் கிடைத்ததும், பெண்கள் அதிகம் சேர்ந்ததும் இதனால்தான்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. இன்றும் சிலர் கையில் வைத்திருக்கும் விளம்பரம் அந்தக் காலத்தின் வார்த்தைகளைத்தான் சொல்கிறது. ஆனால் காலம் மாறிவிட்டது.

முதல் மாற்றம், பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள். மருத்துவர் பேசப் பேச கணினியே முதல் வரைவை எழுதிவிடுகிறது. மனிதர் அதைக் கேட்டுத் திருத்துகிறார். இரண்டாவது, மின்னணு மருத்துவப் பதிவேடு. 2009இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி, மருத்துவமனைகள் காகிதத்தை விட்டுக் கணினிப் பதிவுக்கு மாற ஊக்கத்தொகை கொடுத்தது. அதன்பின் பல மருத்துவர்கள் திரையில் கட்டங்களை நிரப்பியே பதிவை முடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு. இத்தகைய மென்பொருளில் பெயர்பெற்ற நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டே குறிப்பை எழுதிவிடும் கருவிகள் இப்போது அங்கே புழக்கத்தில் உள்ளன.

டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைகளின் எண்ணிக்கை வரும் ஆண்டுகளில் குறையும் என்றே அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கணிப்பும் சொல்கிறது. வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. புதிதாகத் தட்டச்சு செய்ய ஆள் தேவைப்படுவது குறைந்து, கணினி எழுதியதில் பிழை கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். பிழையைக் கண்டுபிடிப்பது புதிதாக எழுதுவதைவிடக் கடினம். பக்கம் பார்க்க அழகாக, இலக்கணம் சரியாக இருக்கும். நடுவில் ஒரே ஒரு சொல் தவறாக இருக்கும். காதும் மருத்துவ அறிவும் இரண்டும் சேர்ந்தால்தான் அது கண்ணில் படும்.

ஒரு எழுத்து, ஒரு பூஜ்யம்

பெற்றோர்கள் இந்த வேலையின் பாரத்தை உணர வேண்டும் என்பதற்காகச் சில உதாரணங்கள்.

சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு இலியம் என்று பெயர். இடுப்பு எலும்பின் ஒரு பகுதிக்கும் இலியம் என்றுதான் பெயர். காதுக்கு இரண்டும் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து மாறும். மருத்துவர் வயிற்றைப் பற்றிப் பேசுகிறாரா, எலும்பைப் பற்றிப் பேசுகிறாரா என்று புரிந்தால்தான் சரியாக எழுத முடியும். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம். டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் கோளாறு. ஹைப்பர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம். ஹைப்போடென்ஷன் அதற்கு நேர் எதிர். லாமிக்டால் வலிப்பு நோய்க்கான மருந்து. லாமிசில் பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. ஆங்கிலத்தில் 15 என்பதும் 50 என்பதும் வேகமாகச் சொன்னால் ஒன்றாகவே கேட்கும்.

இவை தேர்வுக்கான கேள்விகள் மட்டும் அல்ல. 2008இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சர்க்கரை நோயாளியான ஒரு பெண்மணி மருத்துவமனையிலிருந்து வேறொரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றப்பட்டார். அவருக்கு 8 யூனிட் இன்சுலின் என்று இருக்க வேண்டிய டிஸ்சார்ஜ் சம்மரியில் 80 யூனிட் என்று இருந்தது. எழுதியபடியே மருந்து செலுத்தப்பட்டது. அவர் இறந்துபோனார். அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்யும் வேலை கைமாறிக் கைமாறி இந்தியாவுக்கு வந்திருந்தது. 2012இல் நடுவர் குழு அக்குடும்பத்துக்கு 14 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. கூடுதலாக விழுந்தது ஒரே ஒரு பூஜ்யம்.

அதனால்தான் இந்தத் துறையில் ஒரு விதியை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்: கேட்கவில்லை என்றால் ஊகித்து எழுதக் கூடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஒலிப்பதிவில் எந்த நிமிடம் என்று குறித்து, மூத்தவருக்கு அனுப்ப வேண்டும். "காலியிடம் விட்டால் மதிப்பெண் குறையும், எதையாவது போடு" என்று சொல்லித்தரும் நிலையம் பிள்ளைக்குத் தொழிலைக் கற்றுத் தரவில்லை.

நோயாளியின் ரகசியம் ஓர் அமானிதம்

யாருக்கு எய்ட்ஸ், யாருக்கு மனநோய், யாருக்குக் கர்ப்பம் கலைந்தது என்பதெல்லாம் நம் பிள்ளையின் காதில் விழும். அது ஓர் அமானிதம். 1996இல் வந்த ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டம் நோயாளியின் தகவலைக் காக்கச் சொல்கிறது. அமெரிக்க வேலையை வாங்கும் இந்திய நிறுவனங்களும் ஒப்பந்தத்தின் மூலம் அதற்குக் கட்டுப்பட்டவையே. வேலை செய்யும் அறையில் செல்போன், பேனா, காகிதம் அனுமதியில்லை என்று பல நிறுவனங்கள் வைத்திருப்பது இதற்காகத்தான்.

2003இல் நடந்த ஒன்று இதற்குப் பாடம். சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள ஒரு மருத்துவமனையின் வேலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மற்றொருவருக்கு என்று உள்குத்தகையாக இறங்கி, கடைசியில் கராச்சியில் ஒரு பெண்ணிடம் வந்தது. கூலி வரவில்லை. "என் பணத்தைத் தராவிட்டால் நோயாளிகளின் பதிவுகளை இணையத்தில் போடுவேன்" என்று அவர் மருத்துவமனைக்கே எழுதிவிட்டார். பிறகு பணத்தில் ஒரு பகுதி வந்ததும் மிரட்டலைத் திரும்பப் பெற்றார். அவருடைய கூலியை மறித்தவர்கள் செய்தது அநியாயம். ஆனால் நோயாளிகள் அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை.

இதில் நமக்கு இரண்டு செய்திகள் உண்டு. கூலி தகராறு எதுவானாலும் நோயாளியின் ரகசியத்தில் கை வைக்கக் கூடாது என்பது ஒன்று. யார் மூலமாக வேலை வருகிறது, யார் கூலி கொடுப்பார் என்று தெரியாத உள்குத்தகை வேலையை எடுக்கக் கூடாது என்பது மற்றொன்று.

வீட்டிலிருந்து வேலை என்ற ஆசையையும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2020 ஊரடங்கின்போது பல நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்தன. சில இன்றும் அனுமதிக்கின்றன. அதற்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, தடைபடாத இணையம், மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். ஹாலில் டி.வி. ஓட, பிள்ளைகள் சுற்றி ஓட, மடியில் லேப்டாப் வைத்துச் செய்யும் வேலை அல்ல இது. மேலும், புதியவர்களைப் பெரும்பாலும் முதலில் அலுவலகத்தில் வைத்தே பழக்குகிறார்கள்.

கூலி எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மாதச் சம்பளம் சில இடங்களில் உண்டு. பல இடங்களில் வரிக் கணக்கு. ஒரு வரி என்பது இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்துகள் என்பது இத்துறையில் பரவலான அளவு. இத்தனை வரிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, தரம். 98 சதவீதத்துக்கும் மேல் பிழையின்றி இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்குக் கீழே போனால் கூலியில் பிடித்தம் உண்டா என்று கேட்க வேண்டும். இரண்டு, திருத்தும் வேலைக்கான வரிக்கூலி தட்டச்சுக்கான கூலியைவிடக் குறைவு. இன்று கிடைப்பது பெரும்பாலும் திருத்தும் வேலை என்பதால், பழைய தட்டச்சுக் கூலியைக் காட்டிச் சொல்லும் சம்பளக் கணக்கை நம்ப வேண்டாம். மூன்று, வேகம். ஒரு நிமிட ஒலியை எழுத அனுபவசாலிக்கே மூன்று நான்கு நிமிடம் ஆகும். புதியவருக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஆகவே முதல் ஆண்டில் வரும் கூலி குறைவாகவே இருக்கும். அந்த ஒரு வருடத்தைத் தாக்குப்பிடிக்கக் குடும்பத்தால் முடியுமா என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

செலவில்லாமல் வீட்டிலேயே ஒரு சோதனை

நமது கல்வி உதவிக் குழு இப்போது இந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களிடம் இரண்டு வாரச் சோதனை ஒன்றைச் செய்து பார்க்கச் சொல்கிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

முதலாவது, காது. யூடியூபில் அமெரிக்க மருத்துவர் ஒருவர் பேசும் காட்சியைத் தேர்ந்தெடுத்து, கீழே ஓடும் எழுத்துகளை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கேட்டு எழுதுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். பிறகு எழுத்துகளை ஓடவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் பாதிகூடப் புரியாமல் போகலாம். அதனால் மனம் தளர வேண்டாம். தினமும் செய்து பதினான்காம் நாள் முன்னேற்றம் தெரிகிறதா என்பதே கேள்வி.

இரண்டாவது, கை. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35, 40 சொற்கள் பிழையின்றித் தட்டச்சு செய்ய வருகிறதா? வரவில்லை என்றால் முதலில் தட்டச்சு வகுப்புக்குப் போகட்டும். அதற்கு ஆகும் செலவு குறைவு. வேறு எந்த அலுவலக வேலைக்கும் அது கைகொடுக்கும்.

மூன்றாவது, உடற்கூறு அறிவு. பிளஸ் ஒன் ஆங்கிலவழி உயிரியல் புத்தகத்தில் இதயம், நுரையீரல், சிறுநீரகம் பற்றிய பாடங்களைப் படித்து, 50 சொற்களைப் பொருளோடும் சரியான எழுத்துக் கூட்டலோடும் மனத்தில் வாங்க முடிகிறதா? காமர்ஸ் படித்தவர்களால் முடியாது என்பதில்லை. ஆனால் அதில் ஆர்வம் வருகிறதா, வெறுப்பு வருகிறதா என்பது இந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

நான்காவது, பொறுமை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் கவனம் சிதறாமல் உட்கார முடிகிறதா? ஏற்கெனவே காது இரைச்சல், கழுத்து வலி, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் நன்றாக யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

நான்கில் மற்றவை வந்து காது மட்டும் வரவில்லை என்றால், அது தோல்வி அல்ல. அவர்களுக்கு அடுத்த கதவு திறந்திருக்கிறது.

காது வேலையும் கண் வேலையும்

டிரான்ஸ்கிரிப்ஷன் காதுக்கான வேலை என்றால், மெடிக்கல் கோடிங் கண்ணுக்கான வேலை. இங்கே ஒலி இல்லை. தயாராக உள்ள மருத்துவ அறிக்கையைப் படித்து, அதில் உள்ள நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண்களை வைத்தே இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் தருகிறது.

நோய்களுக்கான எண்கள் ஐ.சி.டி. 10 என்ற தொகுப்பில் உள்ளன. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் இது நடைமுறைக்கு வந்தது. உதாரணமாக, சாதாரண உயர் ரத்த அழுத்தத்துக்கு ஐ10. வேறு சிக்கல் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு இ11.9. சிகிச்சைகளுக்கான ஐந்து இலக்க எண்கள் சி.பி.டி. என்ற தொகுப்பில் உள்ளன. அதை அமெரிக்க மருத்துவர் சங்கம் வெளியிடுகிறது. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அறிக்கையில் எழுதியிருப்பதைச் சரியாகப் புரிந்து, எழுதாததைச் சேர்க்காமல், விதிப்படி எண் கொடுப்பதே திறமை.

தமிழ்வழியில் படித்து, வேகமாகப் பேசும் ஆங்கிலம் பிடிபடாத பிள்ளைகளும் நிதானமாகப் படித்துப் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்குக் கோடிங் பொருந்தும். சென்னை, கோவை, திருச்சி ஆகிய நகரங்களில் இதற்கான நிறுவனங்கள் உள்ளன. விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்தவர்களைப் பெரும்பாலும் விரும்பி எடுக்கிறார்கள். சில நிறுவனங்கள் தாங்களே புதியவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் தருகின்றன. எனவே எந்த நிலையத்திலும் பணம் கட்டும் முன், நிறுவனங்களுக்கு நேரடியாக விண்ணப்பித்துப் பார்ப்பது அறிவுடைமை.

நம் பகுதியிலேயே விலங்கியல் முடித்த ஒரு சகோதரி அப்படித்தான் விண்ணப்பித்தார். இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு, மூன்றாவது இடத்தில் தேர்வானார். பயிற்சிக்குக் கட்டணம் எதுவும் கட்டவில்லை. இப்போது தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அவரே கட்டுகிறார்.

கோடிங்கில் மதிக்கப்படும் சான்றிதழ்களில் ஒன்று, அமெரிக்காவின் ஏ.ஏ.பி.சி. அமைப்பு நடத்தும் சி.பி.சி. தேர்வு. 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். குறியீட்டுப் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். அனுபவம் இல்லாமல் தேறியவருக்குச் சான்றிதழில் "பயிற்சி நிலை" என்ற பொருளில் ஓர் எழுத்து சேர்ந்திருக்கும்; அனுபவம் வந்த பின் அது நீங்கும். தேர்வுக் கட்டணம், உறுப்பினர் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்ந்தால் நம் குடும்பங்களுக்குப் பெரிய தொகை. வேலையில் சேர்ந்த பிறகு எழுதினால் சில நிறுவனங்கள் அந்தச் செலவில் உதவுகின்றன. அவசரப்பட வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கோடிங்கிலும் கணினி நுழைந்துவிட்டது. எளிய அறிக்கைகளை அது பார்த்துக்கொள்கிறது. சிக்கலானவை மனிதரிடம் வருகின்றன. ஆகவே மேலோட்டமாகக் கற்றவர்களுக்கு இரண்டு துறையிலும் இடம் சுருங்கும். ஆழமாகக் கற்றவர்களுக்கே நிலைக்கும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. நம் ஊர்களிலேயே உள்ள தனியார் மருத்துவமனைகளில் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு, இன்ஷூரன்ஸ் பிரிவு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான உதவி மேசை ஆகியவை இருக்கின்றன. மருத்துவச் சொற்களும் தட்டச்சும் தெரிந்தவர்கள் அங்கே தேவைப்படுகிறார்கள். முதலில் சொன்ன சகோதரி இப்போது அப்படி ஓர் இடத்தில்தான் இருக்கிறார். அவர் கற்ற மருத்துவச் சொற்கள் வீணாகவில்லை.

பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. உண்மையான அமெரிக்க மருத்துவர்களின் ஒலிப்பதிவை வைத்துப் பயிற்சி தருகிறீர்களா? மொத்தம் எத்தனை மணி நேரம்? ஒரு வகுப்பில் உட்கார்ந்து கேட்க அனுமதிப்பீர்களா?

2. சொல்லித்தரும் ஆசிரியர் இத்துறையில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தவர்? எழுதியதை ஒவ்வொன்றாகத் திருத்தித் தருவாரா?

3. கணினி எழுதிய வரைவைத் திருத்தும் பயிற்சி உண்டா?

4. சென்ற இரண்டு ஆண்டுகளில் படித்தவர்களில் வேலையில் இருக்கும் நான்கு பேரிடம் பேச முடியுமா? சுவரில் ஒட்டிய புகைப்படம் போதாது.

5. "வேலைக்கு உத்தரவாதம்" என்பதை எழுத்தில் தருவீர்களா? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா? எத்தனை நாளில்?

6. கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா? முதல் மாதத்திலேயே பொருந்தவில்லை என்று தெரிந்தால் மீதியைக் கட்டாமல் நிறுத்திக்கொள்ளலாமா?

7. ரசீது, நிலையத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா? தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் பணம் போடச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் கோபப்படும் நிலையத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டியதில்லை. நல்ல நிலையங்களும் இருக்கின்றன. அவர்கள் நிதானமாகவே பதில் சொல்வார்கள்.

ஒரு மோசடி, கவனம்

வாட்ஸ்அப்பில் "வீட்டிலிருந்தே மெடிக்கல் டைப்பிங், தினம் ஆயிரங்கள்" என்று செய்தி வரும். முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். ஆதார் நகல் வாங்கி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். ஒரு வாரத்தில் முடிக்கவே முடியாத அளவு வேலை தருவார்கள். முடிக்கவில்லை என்றால், "ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள், இல்லையேல் கோர்ட்" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்புவார்கள். மானத்துக்குப் பயந்து பணம் கட்டிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். கட்ட வேண்டாம். வீட்டில் மறைக்கவும் வேண்டாம். இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். உண்மையான நிறுவனம் வேலை கொடுக்கச் சம்பளம் தரும், பணம் கேட்காது.

ஷிப்ட், பயணம், வீட்டின் ஒத்துழைப்பு

அவசர அறிக்கைகளைச் சில மணி நேரத்தில் தர வேண்டியிருப்பதால் இரவு ஷிப்ட் உள்ள இடங்களும் உண்டு. சேரும் முன்பே ஷிப்ட் எது, பிறகு மாற்றுவார்களா, இரவானால் வாசல் வரை வாகனம் வருமா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழுகைக்குப் பத்து நிமிடம், வெள்ளிக்கிழமை ஆண்களுக்கு ஜும்ஆ நேரம் ஆகியவற்றையும் முதலிலேயே பேசிக்கொண்டால் பின்னால் சங்கடம் இல்லை. வரிக்கூலி வேலையில் இடைவேளை எடுக்க நிறுவனங்கள் பெரும்பாலும் தடை சொல்வதில்லை.

பெற்றோருக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. கற்றுக்கொண்டு கை பழக ஒரு வருடம் ஆகும். அதற்குள் "இவ்வளவுதான் சம்பளமா" என்று நிறுத்திவிட்டால் கட்டிய பணமும் போகும், கற்றதும் போகும். நிறுத்தத்தான் போகிறோம் என்றால் தொடங்காமலே இருப்பது நல்லது.

நமது அறக்கட்டளை என்ன செய்யும்?

இந்தப் படிப்புக்கு உதவ மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. மக்கள் நம்பித் தரும் ஜகாத்தும் சதகாவும் பயனுள்ள இடத்தில் சேர வேண்டும் என்றுதான் நிதானிக்கிறோம். இனி இப்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள், மேலே சொன்ன இரண்டு வாரச் சோதனையைச் செய்து, முதல் நாளும் கடைசி நாளும் எழுதிய தாள்களை எடுத்து வர வேண்டும். நிலையத்தின் பெயரைச் சொன்னால் எங்கள் குழுவினர் நேரில் சென்று அந்த ஏழு கேள்விகளையும் கேட்பார்கள். பொருத்தமாக இருந்தால் கட்டணத்தை நாங்கள் நேரடியாகத் தவணையாகச் செலுத்துவோம்.

படித்த பெண் பிள்ளைகள் கௌரவமாகச் சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. அந்த ஆசையைத்தான் விளம்பரக்காரர்கள் விலை பேசுகிறார்கள். கம்மலைக் கழற்றும் முன் இரண்டு வாரம் காதைச் சோதித்துப் பாருங்கள். வட்டிக்குக் கடன் வாங்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்களும் தயங்காமல் வரலாம். உங்கள் பெயர் வெளியே போகாது.

அலுவலகத்தில் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை கல்வி உதவிக் குழுவினர் இருப்பார்கள். பெண்கள் தாயாருடனோ சகோதரியுடனோ வந்து பேசப் பெண் உறுப்பினர்களும் இருப்பார்கள். இத்துறையில் வேலை செய்யும் நம் பகுதிச் சகோதர சகோதரிகள் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், புதியவர்கள் எழுதியதைத் திருத்தித் தர ஏற்பாடு செய்யலாம். முன்வருபவர்கள் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு முடிவுகள் வருவதற்குள் அதைத் தொடங்கிவிடலாம்.